மவுஸ் பாவிக்கத் தெரிந்த புரோகிராமர் தேவை: வேலை விளம்பரங்களில் வரும் ‘அடிப்படைத் தகைமை’கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படித்து வெளியே வருபவர்கள், தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர்கள், வீட்டிலிருந்தே நிரல் எழுதப் பழகியவர்கள் என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புரோகிராமர் வேலை தேடும் எல்லோருக்குமான பக்கம் இது. கல்முனையிலோ காத்தான்குடியிலோ கடை, ஆலை நடத்திக்கொண்டு அப்படியொருவரைத் தேடுபவர்களுக்கும் கடைசிக்கு முந்திய கேள்வியில் விடயம் இருக்கிறது.

‘அடிப்படைத் தகைமை’ என்று விளம்பரத்தில் வரும் எப்படிப்பட்ட வரிகளைச் சொல்கிறீர்கள்?

மென்பொருள் பொறியியலாளர் வேண்டும் என்று தலைப்பு இருக்கும். கீழே ‘கணினியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்’, ‘ஈமெயில் அனுப்பும் ஆற்றல்’, ‘இணையத்தில் தேடும் திறன்’, ‘எம்எஸ் ஒஃபிஸ் அறிவு’, ‘கொப்பி, பேஸ்ட் தெரிந்திருத்தல்’, ‘இஃப், எல்ஸ் பற்றிய விளக்கம்’ என்று ஓடும். வாவியில் தோணி விட ஆள் தேடுபவர் ‘துடுப்பு எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்’ என்று போடுவது போல. சில விளம்பரங்களில் இதே பட்டியலின் நடுவே ‘5 புரோகிராமிங் மொழிகளில் ஆழ்ந்த தேர்ச்சி’யும் இருக்கும். சம்பளம் மட்டும் இருக்காது.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

அநேகமான விளம்பரங்களை எழுதுபவர் புரோகிராமர் அல்ல. நிர்வாகப் பிரிவில் இருப்பவர், போன வருடம் கிளார்க் வேலைக்குப் போட்ட விளம்பரத்தைத் திறந்து தலைப்பை மாற்றுகிறார். கிளார்க்குக்குத் தேவையான எம்எஸ் ஒஃபிஸ் வரி அப்படியே தங்கிவிடுகிறது. இதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், ஒரு சம்பளத்துக்கு மூன்று ஆட்கள். நிரல் எழுதுவது, பிரிண்டருக்கு மை போடுவது, பில் விபரம் தட்டுவது எல்லாம் ஒருவர் தலையில். அங்கே ‘தட்டச்சு வேகம்’ என்ற வரி தவறுதலாக வந்ததல்ல. தட்டச்சு உண்மையிலேயே அந்த வேலையின் பெரும்பகுதி.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. முன்பு இருந்த ஒருவர் அந்த இடத்தில் சொதப்பியிருப்பார். வாடிக்கையாளர் பட்டியலை எக்செலில் திறந்து சேமித்து, தொலைபேசி இலக்கங்களில் இருந்த முன் பூச்சியத்தையெல்லாம் அழித்திருப்பார். அடுத்த விளம்பரத்தில் ‘எக்செல் கட்டாயம்’ என்று ஏறிவிடும். வரி சிரிப்பாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு நட்டக் கணக்கு இருக்கிறது.

வரியைப் பார்த்து எது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அடிப்படை வரிகள் ஒரே கொத்தாகக் கடைசியில் இருந்தால் பழைய விளம்பரத்தின் மிச்சம். வேலை விபரத்துக்குள்ளேயே ‘தினசரி அறிக்கை’, ‘தரவு உள்ளீடு’, ‘கிளை அலுவலகக் கணினிகளைப் பராமரித்தல்’ என்று கலந்திருந்தால் மூன்று ஆள் வேலை. ஒரே ஒரு அடிப்படை வரி மட்டும் ‘கட்டாயம்’ என்று தனியாக அழுத்திச் சொல்லப்பட்டிருந்தால், அங்கே யாரோ ஏற்கனவே வழுக்கி விழுந்திருக்கிறார். நேர்முகத்தில் அதையே சோதிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் நேரடியாகக் கேட்கலாம்: ‘ஒரு வாரத்தில் எத்தனை நாள் நிரல் எழுதும் வேலை இருக்கும், சேர்?’ பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

சீவியில் ‘எம்எஸ் ஒஃபிஸ், இன்டர்நெட், ஈமெயில்’ என்று போட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். இடம் வீண், படிக்கும் பொறியியலாளருக்கு வேறு எதுவும் இல்லாததால் இதைப் போட்டிருக்கிறார் என்று தோன்றும். விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் போடுங்கள். பெரிய கொம்பனிகள் சீவிகளை மென்பொருளால் வடிகட்டும்போது விளம்பரத்தில் உள்ள சொல்லைத் தேடக்கூடும். அப்போதும் பெயரை மட்டும் வைக்காமல் செய்த வேலையை எழுதுங்கள். ‘எம்எஸ் எக்செல்’ என்பதை விட ‘2,000 வரிகள் கொண்ட பொருள் பட்டியலை எக்செலிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றி, இரட்டிப்புகளை நீக்கியது’ என்பது வடிகட்டியையும் தாண்டும், மனிதரையும் திருப்திப்படுத்தும். செய்திருந்தால் மட்டும்.

எக்செல் எல்லோருக்கும் தெரியுமே. அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நம் நாட்டுத் தரவில் நிறைய இருக்கிறது. மட்டக்களப்பின் நிலையான தொலைபேசி இலக்கங்கள் 065-இலும், அம்பாறை 063-இலும், கல்முனை 067-இலும் தொடங்கும். எக்செல் இவற்றை எண் என்று நினைத்து முன் பூச்சியத்தை வெட்டிவிடும். 10 இலக்கம் 9 ஆகும். குறுந்தகவல் அனுப்பும் நிரல் அதன்பின் ஒவ்வொரு வரியிலும் தோற்கும்.

அடையாள அட்டை இன்னும் மோசம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். புதியதில் 12 இலக்கம். எழுத்து இருப்பதால் பழையது தப்பிவிடும். 12 இலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்து, முதல் சில இலக்கங்களையும் பத்தின் அடுக்கையும் மட்டும் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்றெழுத்துக் கோப்பாக) சேமித்தால் கண்ணுக்குத் தெரியும் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் போனால் போனதுதான்.

தடுக்கும் வழி: சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து’ என்பதைத் தெரிந்து, அடையாள அட்டை, தொலைபேசி கொலம்களை (மேலிருந்து கீழாக வரும் வரிசைகளை) ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிய பிறகு ஏற்றுங்கள். கையால் ஒட்டுவதானால், ஒட்டுவதற்கு முன்பே கொலத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். பின்னால் மாற்றினால் இழந்த பூச்சியம் திரும்பாது. தரவுத்தளத்திலும் இவை எழுத்து வகையாகவே இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கத்தை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கச் சொல்லிக் கேட்கும் பயிற்சி. புதிய இலக்கத்தில் முதல் 4 ஆண்டு, அடுத்த 3 வருடத்தின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். வழுக்கும் இடம் பெப்ரவரி. எந்த வருடமானாலும் அதற்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே மார்ச் 1 எப்போதும் 061, பெண்ணுக்கு 561. நிரல் மொழியில் ஆயத்தமாக இருக்கும் திகதி நூலகத்திடம் (லைப்ரரி) ‘1999-இன் 61-ஆவது நாள்’ என்று கேட்டால் அது மார்ச் 2 என்று சொல்லும். பெண்ணென்றால் முதலில் 500-ஐக் கழித்துவிட்டு, லீப் அல்லாத வருடத்தில் நாள் எண் 60-ஐத் தாண்டினால் ஒன்றைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். இதைச் சோதிக்காமல் அனுப்பிய நிரல்கள் பிறந்த நாளை ஒரு நாள் தள்ளிக் காட்டிக்கொண்டே இருக்கும், யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள்.

‘விண்டோஸ் இயக்க அறிவு’ என்றால் புரோகிராமருக்கு என்ன அர்த்தம்?

கோப்பின் முழுப் பெயரைப் பார்க்கத் தெரிவது. விண்டோஸ் கோப்புப் பெயரின் வால் பகுதியை இயல்பாக மறைத்து வைக்கும். நோட்பேடில் ஒரு இணையப் பக்கத்தை எழுதி, வகை ‘டெக்ஸ்ட்’ என்றே இருக்கச் சேமித்தால் பெயருக்குப் பின்னால் இன்னொரு ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும். திரையில் பெயர் சரியாகத்தான் தெரியும். உலாவி மட்டும் பக்கத்தைக் காட்டாமல் நிரல் எழுத்தைக் காட்டும். ‘ஃபைல் எக்ஸ்ப்ளோரர்’ திறந்து, ‘வியூ’ பட்டியலில் (விண்டோஸ் 11-இல் அதற்குள் ‘ஷோ’) ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே போட்டுவிடுங்கள்.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. உங்கள் தளம் போய் அமரப்போகும் லினக்ஸ் சேர்வருக்கு இரண்டும் வேறு. வீட்டுக் கணினியில் தெரிந்த படம் சேர்வரில் 404 (‘கோப்பு கிடைக்கவில்லை’) காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இதை. கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் என்று ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டால் இந்தத் தலையிடி இல்லை.

ஈமெயில் அனுப்பத் தெரியாத புரோகிராமர் உண்டா?

வீட்டில் செய்து அனுப்பச் சொன்ன பயிற்சியைச் சரியாக அனுப்பத் தெரியாதவர்கள் உண்டு. திட்டக் கோப்புறையை ஒரே கோப்பாகச் சுருக்கி (சிப் செய்து) ஜிமெயிலில் இணைப்பார்கள், போகாது. 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பது ஒரு காரணம். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் இயங்கு கோப்புகளையும் ஜிமெயில் ஏற்பதில்லை, சிப்புக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும் என்பது மற்றது. கடைசி நாள் இரவு 11.50-க்கு இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். ‘நோட் மொடியூல்ஸ்’ போன்ற, திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்புறைகளை ‘கிட் இக்னோர்’ கோப்பில் சேர்த்து வெளியே விடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பு உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், அடுத்த கமிட்டில் (கிட்ஹப்பில் ஏறும் மாற்றப் பதிவில்) அதை அழிப்பது போதாது; பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். பிறகு வேறொரு உலாவியில், உள்நுழையாமல், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். தனிப்பட்டதாகப் பூட்டிய களஞ்சியத்தின் (கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் இடத்தின்) இணைப்பு உங்களுக்கு மட்டும்தான் திறக்கும்.

மடலில் விடயத் தலைப்பில் பதவியின் பெயரும் உங்கள் பெயரும். உள்ளே, நிரலை ஓட வைக்கும் படிகள் நான்கைந்து வரியில். சீவி பிடிஎஃப் ஆக, கோப்பின் பெயரில் உங்கள் பெயருடன். ‘புதிய சீவி இறுதி 3’ என்ற பெயரில் வரும் கோப்பை எடுப்பவர் எங்கே தேடுவார்?

கொப்பி, பேஸ்ட்?

வேர்டிலோ வட்ஸ்அப்பிலோ வைத்த நிரலை அங்கிருந்து எடுக்காதீர்கள். வேர்ட் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றும். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு அது வேறு எழுத்து. வட்ஸ்அப் நட்சத்திரக் குறிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் இருப்பதைத் தடித்த, சாய்ந்த எழுத்தாக்கிக் குறியை விழுங்கிவிடும். பைத்தனில் உள்தள்ளலும் (வரியின் முன் இடைவெளி) குழம்பினால் முடிந்தது.

‘தமிழ் தட்டச்சு’ ஏன் புரோகிராமர் விளம்பரத்தில் வருகிறது?

நம் பகுதியில் இது நியாயமான வரி. பிரதேச செயலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல், கோயில் நிர்வாகம் எதற்கு மென்பொருள் செய்தாலும் பெயர், முகவரி தமிழில் வரும். பழைய ஆவணங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் தட்டியது உண்மையில் தமிழ் அல்ல. உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடவும் முடியாது, அகர வரிசையும் வராது. தரவுத்தளத்துக்குள் ஏற்றும் முன்னரே, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் சொற்களைக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். மாற்றிகள் அதிகம் தடுக்குவது அங்கேதான்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லில் நமக்கு 8 எழுத்து. கணினிக்கு 12 குறியீடு, ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 36. ஊரின் பெயருக்கு மைஎஸ்கியூஎல்லில் வார்சார் 10 (பத்துக் குறியீட்டுக்கு இடம்) போதும் என்று விட்டால், கடுமையான அமைப்பில் பிழைச் செய்தி வரும். தளர்ந்த அமைப்பில் ‘மட்டக்களப்’ என்று வெட்டிச் சேமித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருக்கும். மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் வழக்கமாக நடப்பது வேறு: யூனிகோடை ஏற்கும் என்வார்சார் என்று கொடுக்காமல் வெறும் வார்சார் கொடுத்தால் முழுப் பெயரும் கேள்விக்குறிகளாக மாறும்.

‘இணையத்தில் தேடும் திறன்’?

பிழைச் செய்தியில் உங்கள் கோப்புறைப் பெயர், பயனர் பெயர் உள்ள பகுதியை நீக்கி, மிச்சத்தை அப்படியே இட்டு, பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தேடுவது. கிடைத்த விடையின் வருடத்தைப் பார்ப்பது. செயற்கை நுண்ணறிவு தந்த விடையென்றால், அதில் வரும் நூலகம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவுவது. அவ்வளவுதான்.

‘லூப், இஃப் எல்ஸ் தெரிந்திருக்க வேண்டும்’ என்பது அவமதிப்பு இல்லையா?

லூப் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது; இஃப் எல்ஸ் ‘இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது’ என்பது. எழுதிப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். ‘ஃபிஸ்பஸ்’ என்ற சிறிய சோதனை 2007 அளவில் நேர்முகக் கேள்வியாகப் பேர்பெற்றது. பட்டம் வைத்திருந்தும் சின்ன நிரலை எழுதத் திணறுபவர்களை இனங்காண்பதே அதன் நோக்கம். இன்றும் கேட்கிறார்கள். 1 முதல் 100 வரை அச்சிட வேண்டும். 3-ஆல் வகுபட்டால் ‘ஃபிஸ்’, 5-ஆல் வகுபட்டால் ‘பஸ்’, இரண்டாலும் என்றால் ‘ஃபிஸ்பஸ்’.

இரண்டு இடத்தில் விழுவார்கள். முதலில் 3-ஐச் சோதித்து, எல்ஸ் இஃப்பில் 5-ஐச் சோதித்து, கடைசியில் 15-க்கு வந்தால் அந்தக் கடைசிக் கிளைக்கு நிரல் போகவே போகாது. 15 முதலில் வர வேண்டும். மற்றது, பைத்தனில் ரேஞ்ச் 1, 100 என்று கொடுத்தால் 99-இல் நின்றுவிடும். 101 கொடுக்க வேண்டும். சரிபார்க்க ஒரு கணக்கு: 27 ‘ஃபிஸ்’, 14 ‘பஸ்’, 6 ‘ஃபிஸ்பஸ்’, மீதி 53 எண்கள். உங்கள் நிரலில் ‘பஸ்’ 13 வந்தால் 100 விடுபட்டுப் போயிருக்கிறது.

நேர்முகத்தில் வெள்ளைப் பலகையில் எழுதச் சொல்வார்கள். நிரல் எழுதும் மென்பொருள் (எடிட்டர்) சொல்லெடுத்துக் கொடுக்காத நிலையில் ஒரு தாளில் பேனையால் மூன்று தடவை எழுதிப் பழகுங்கள்.

‘5 ஆண்டு அனுபவம்’ கேட்கிறார்கள், அந்தத் தொழில்நுட்பமே அவ்வளவு வயதானதல்லவே?

மிகப் பிரபலமான உதாரணம், பைத்தனில் இணையச் சேவைகள் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ. 2018 கடைசியில் வெளியானது. அதை உருவாக்கிய செபாஸ்தியன் ராமிரெஸ் 2020 ஜூலையில், 4 ஆண்டுக்கு மேல் ஃபாஸ்ட்ஏபிஐ அனுபவம் கேட்ட விளம்பரமொன்றைக் கண்டதாகவும், தான் அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் என்பதால் தன்னால் விண்ணப்பிக்க முடியாது என்றும் டுவிட்டரில் எழுதினார்.

இந்த எண்ணைக் கண்டு ஒதுங்க வேண்டாம். தனியார் கொம்பனியில் அது பெரும்பாலும் ஆசைப் பட்டியல். கேட்டவற்றில் பாதி உங்களிடம் இருந்தால் போடுங்கள். ஆனால் இல்லாத வருடத்தைச் சீவியில் எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே வெளிவந்துவிடும்.

ஜாவாவையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். திருத்தலாமா?

இரண்டும் 1995-இல் வெளிவந்தன என்பதைத் தவிர, பெயர்தான் உறவு. திருத்தப் போக வேண்டாம், கேளுங்கள்: ‘வேலை சேர்வர் பக்கமா, உலாவிப் பக்கமா?’ பதிலிலிருந்து இரண்டில் எது என்று பெரும்பாலும் விளங்கிவிடும்.

அரச வேலைக்கும் இதே மாதிரி அலட்சியமாக எடுக்கலாமா?

கூடாது. வர்த்தமானியில் வரும் தகைமை ஆட்சேர்ப்புத் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. சாதாரண தரத்தில் கணிதம் உட்பட 6 பாடம் என்றிருந்தால், உங்களிடம் பட்டம் இருந்தாலும் அந்தச் சான்றிதழின் பிரதி வேண்டும். தேசிய தொழிற் தகைமை மட்டம் 4 என்றிருந்தால், அதற்குச் சமம் என்று நீங்களாகத் தீர்மானித்த தனியார் பாடநெறி போதாது. முடிவு திகதிக்குள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். இங்கே சொல்லுக்குச் சொல் படியுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்றால் ‘தடையற்ற இணையம், சொந்த லப்டொப்’ கேட்கிறார்கள். இது திறமையா?

திறமையல்ல, செலவு. யார் கொடுப்பது என்று சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மின் போனால் லப்டொப் தாங்கும், ரவுட்டர் விழும். ரவுட்டரின் அடப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) அதற்குப் பொருந்தும் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கினால் போதும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். போன் ஹொட்ஸ்பொட்டை முன்கூட்டியே ஒருமுறை இணைத்துப் பாருங்கள். நேர்முகத்தின் நடுவில் கடவுச்சொல் தேடாதீர்கள்.

எங்கள் ஆலைக்கு ஒரு ஆள் தேவை. விளம்பரத்தை எப்படி எழுதுவது?

தகைமையை எழுதாமல் வேலையை எழுதுங்கள். அக்கரைப்பற்றில் ஒரு அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். ‘கணினி அறிவு, எம்எஸ் ஒஃபிஸ், நேர்மை, சுறுசுறுப்பு’ என்பதற்குப் பதிலாக இப்படி:

‘நெல் கொள்வனவை இப்போது கொப்பியில் எழுதுகிறோம். விவசாயியின் பெயர், மூடை எண்ணிக்கை, நிறை, ஈரப்பதன் கழிவு, கொடுத்த முற்பணம் ஆகியவற்றைப் பதிந்து தமிழில் பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள் வேண்டும். அறுவடைக் காலத்தில் சனிக்கிழமையும் வேலை. பிரிண்டர், கணினி பராமரிப்பும் உண்டு. சம்பளம் இவ்வளவு.’

இதைப் படிப்பவருக்குத் தன்னால் முடியுமா என்று தெரிந்துவிடும். சோதனைக்கு ஆலையின் உண்மைப் பதிவை நகலெடுத்து, பெயர்களையும் அட்டை இலக்கங்களையும் மாற்றி 50 வரி கொடுங்கள். அதில் ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதப்பட்ட வரி இரண்டும், நிறை விடுபட்ட வரி ஒன்றும் இருக்கட்டும். ஒரு மணித்தியாலம் போதும். விடுபட்ட நிறையைப் பூச்சியம் என்று நிரப்புபவரை விட, ‘இந்த வரியில் நிறை இல்லை, என்ன செய்வது?’ என்று எழுந்து வந்து கேட்பவரை எடுங்கள். மூன்று நாள் எடுக்கும் முழு வேலையைச் ‘சோதனை’ என்று கொடுத்து வாங்கிக்கொள்வது முறையல்ல; கொடுப்பதானால் அதற்குக் காசும் கொடுக்க வேண்டும்.

‘அடிப்படைத் தகைமை போதும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வட்ஸ்அப்பில் வருகிறதே?

வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். பதிவு, பயிற்சி, லப்டொப் வைப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். அடையாள அட்டையின் இரு பக்கப் படத்தையும் வங்கி ஓடிபியையும் அனுப்பாதீர்கள். கொம்பனியின் பெயர் நிஜமாக இருந்தால், அந்த வட்ஸ்அப் இலக்கத்தை விட்டுவிட்டு, கொம்பனியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள தொலைபேசிக்கு எடுத்துக் கேளுங்கள்.